முயலுக்கு ஒரு தபால்தலை, தபால்தலைக்கு ஒரு காமிக்ஸ்

தபால்தலை சேர்ப்பவர்கள் தபால் துறைக்குச் செய்கிற பெரிய உபகாரம், வாங்கிய தலையை எந்த உறையிலும் ஒட்டாமல் இருப்பதுதான். ஐந்து ரூபாய்க்குத் தபால்தலை விற்றால் அந்த ஐந்து ரூபாய்க்கு வேலை பார்த்தாக வேண்டும். பெட்டியைத் திறந்து எடுத்து, முத்திரை குத்தி, ஊர்வாரியாகப் பிரித்து, பை கட்டி ரயிலேற்றி, எங்கோ ஒரு தெருவில் போஸ்ட்மேன் வெயிலில் சைக்கிள் மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேகரிப்பவர் வாங்கி ஆல்பத்தில் வைத்துவிட்டாலோ இத்தனை பாடும் மிச்சம், காசு கல்லாவில். காரைக்குடி வட்டாரத்துத் தபால் நிலையங்களில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

அமெரிக்கத் தபால் துறைக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 1993 ஜனவரியில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்குத் தலை வெளியிட்டார்கள். இளமைக்கால எல்விஸா, பிற்கால எல்விஸா என்று முந்தைய ஆண்டே மக்களிடம் ஓட்டெடுத்து, ஜெயித்த இளமை முகத்தை அச்சடித்தார்கள். விற்ற விற்பனையில் அந்தத் துறையே திக்குமுக்காடியது. ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பார்கள். 1997 மே 22-ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் பர்பேங்க் என்ற ஊரில் வெளியான 32 சென்ட் தலையில் நின்றது மனிதரே இல்லை, முயல். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல். தபால் பெட்டியில் சாய்ந்துகொண்டு, கையில் கேரட்டோடு, உலகத்தில் தனக்கு ஒரு அவசரமும் இல்லாத தோரணையில் நிற்கும்.

இந்த முயலும் அதற்காக வந்த குட்டிக் காமிக்ஸும் என் கைக்கு வந்தது முனீஸ்வரன் கோவில் தெருவில். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காரைக்குடியில் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது இந்தத் தெருவைத்தான். செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போதும், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அறை என்று பூட்டிக் கிடந்தவற்றைத் திறந்து ஒழிக்கும்போதும் வெளியே வருகிற சாமான்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். எனாமல் தூக்குகள், பர்மா அரக்குப் பெட்டிகள், ரவிவர்மா படங்கள், பூட்டு இல்லாத சாவிகள், சாவி இல்லாத பூட்டுகள். சுற்றுலாப் பயணிகள் எனாமலுக்கும் தூண்களுக்கும் பறப்பார்கள். நான் போவது காகிதத்துக்கு. என் அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பழுப்பேறிய காகிதத்தின் வாசனை எனக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அன்று ஒரு கடையில் தகரப் பெட்டி நிறையக் கடித உறைகள். மேலாக இருந்தவை ரங்கூனிலிருந்து வந்தவை. 1937-ல் பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்தபோது, புதுத் தலைகள் அச்சாகிற வரை, இந்தியத் தலைகளின் மேலேயே ‘பர்மா’ என்று ஆங்கிலத்தில் அடித்து விற்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தாடிக்குக் குறுக்கே கறுப்பெழுத்து ஓடும். அப்படிப்பட்ட உறைகள் சில இருந்தன. கடைக்காரத் தம்பிக்கு அவற்றின் விலை நன்றாகவே தெரியும். பெட்டியின் அடியில், ஆயுள் காப்பீட்டு ரசீதுகளுக்கும் ஒரு திருமணப் பத்திரிகைக்கும் நடுவே, கையடக்கமான ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையில் முயல்.

எனக்கு உள்ளே குப்பென்றது. ஆனால் பழம்பொருள் கடையில் வேண்டிய பொருளைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. ரங்கூன் உறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை மங்கல், ஓரம் கிழிசல் என்று குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, போகிற போக்கில் கேட்டேன்.

“இந்த முயல் புத்தகம் என்ன விலை, தம்பி?”

“அதற்கு விலை சொன்னால் சிரிப்பார்கள், அக்கா. பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள். பர்மா உறை மூன்று எடுத்தால் அது சும்மா.”

“மூன்று எதற்கு? இரண்டு எடுக்கிறேன்.”

“சரி, உங்களுக்காக.”

இப்படியாக அது எனக்குக் கொசுறாக வந்தது. அதோடு ஒரு அமெரிக்க உறையும் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. நியூ ஜெர்சியிலிருந்து தேவகோட்டைக்கு 1997-ல் வந்த உறை. வலது மேல் மூலையில் அதே முயல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. அப்போது அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதத்துக்கு 60 சென்ட். 32-ம் 32-ம் 64. நாலு சென்ட் கூடுதல். அனுப்பியவர் சில்லறைத் தலை தேடிப் போகாமல் இரண்டு முயலை ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். முத்திரையின் அலைக்கோடுகள் இடப்பக்க முயலின் காதுகளில் ஏறி, வலப்பக்க முயலின் கேரட்டில் இறங்கியிருக்கின்றன. இத்தனை வருஷம் முத்திரை குத்தியவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில்தான் கண் போகும்.

காமிக்ஸ் இந்த உறையில் வந்திருக்க முடியாது. உறை சின்னது, புத்தகத்திலோ மடிப்புக் குறி இல்லை. ஊருக்கு வந்த யாரோ பெட்டியில் வைத்துக்கொண்டுவந்து, வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை அதை வாசித்திருக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது: உள்ளே ஒரு பக்கத்தில், முயலோடு கார்ட்டூனில் வருகிற டாஃபி வாத்துக்கு நீலப் பந்துமுனைப் பேனாவால் முறுக்கு மீசை. மதுரை வீரனுக்கு உள்ளதுபோல் நன்றாகவே வரைந்திருக்கிறது. அட்டையின் கீழ் மூலையை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. தாளில் லேசாகப் பாச்சை உருண்டை வாசனை.

புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளியிட்டது டிசி காமிக்ஸ், ஆண்டு 1997. சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடுகிற அதே நிறுவனம்தான். பக்ஸ் பன்னிக்குச் சொந்தக்காரரான வார்னர் பிரதர்ஸும் டிசியும் ஒரே குடும்பம் என்பதால் முயலின் காமிக்ஸும் அங்கேதான் வரும். ஏழரை அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், 64 பக்கம். வழக்கமான அமெரிக்கக் காமிக்ஸைவிடச் சிறியது. தபால்தலைக்கு விளம்பரமாக வந்த புத்தகம், விஷயமும் தபாலைச் சுற்றித்தான். கதை பிரமாதம் என்று சொல்லிவிட முடியாது. விளம்பரத்துக்கென்று எழுதுகிற கதைகளில் ஒரு பவ்யம் வந்துவிடும்; எல்லோரையும் மட்டம் தட்டுகிற இந்த முயல்கூட அதற்குத் தப்பவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊரில் நினைவுத் தலை வெளியாகும்போது கூடவே ஒரு தகவல் தாள் வரும். யார் நினைவாக, எந்த நாளில், எந்த அச்சகத்தில், எத்தனை எண்ணிக்கை என்று எழுதியிருக்கும். அதை நான் நிறைய விற்றிருக்கிறேன். வாங்கியவர் கவுண்டரிலேயே நின்று வாசித்ததாக நினைவில்லை. அதே வேலைக்கு அவர்கள் காமிக்ஸ் போட்டார்கள் என்பதைப் பார்க்கிறபோது, ஒரு பழைய ஊழியையாக எனக்குக் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது.

தலைக்கு வருவோம். பத்துத் தலை கொண்ட சிறு ஷீட்டாக அது வந்தது: இடப்புறம் ஒன்பது, வலப்புறம் தனியாக ஒன்று. பின்னால் பசை தயாராக இருக்கும், உரித்து ஒட்ட வேண்டியதுதான். எங்கள் கவுண்டரில் பசை டப்பா இருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். தலையில் பசை இருந்தாலும் நம் மக்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நாவால் ஒரு தரம் ஈரமாக்கி, அதற்கு மேல் டப்பாவில் விரலை விட்டு ஒரு அப்பு அப்பி, மிச்சத்தை மேசையின் விளிம்பில் தடவிவிட்டுப் போவார்கள். பெரிய நினைவுத் தலையைக் கொடுத்தால், “இவ்வளவு பெரிசு எதற்கு அம்மா, முகவரி எழுத இடம் வேண்டாமா, சின்னதாகக் கொடுங்கள்” என்று திருப்பித் தருவார்கள். அழகான தலைகள் அலமாரியில் தங்கிப்போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அந்த அமெரிக்க ஷீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வலப்புறத்துப் பத்தாவது தலையைச் சுற்றி, உரித்தெடுப்பதற்கான வெட்டே இல்லாமல் குறைந்த எண்ணிக்கையில் ஒரு வகை வெளியிட்டார்கள். சாதாரண ஷீட்டைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். வெட்டில்லாத ஷீட் பல மடங்கு விலை. அச்சகத்தில் கை தவறி வந்த பிழை அல்ல, தெரிந்தே செய்தது. சேகரிப்பவர்கள் எதற்கு ஓடி வருவார்கள் என்று பார்த்து வைத்த பொறி. பிழைக்குக் கிடைக்கிற மரியாதையைத் திட்டம்போட்டுச் செய்த பொருளுக்குக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. ஓசியில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், அது வேறு.

அமெரிக்காவிலேயே அப்போது முணுமுணுப்பு இருந்தது. நாட்டின் தபால்தலை ஒரு சினிமா நிறுவனத்தின் சரக்குக்கு விளம்பரப் பலகையா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காலத்து அமெரிக்க விதிப்படி ஒரு மனிதருக்குத் தலை வெளியிட வேண்டுமானால் அவர் இறந்து 10 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஜனாதிபதிகளுக்கு மட்டும் விலக்கு. பக்ஸ் பன்னி தன் உருவத்தோடும் பெயருக்கேற்ற குறும்போடும் திரையில் வந்தது 1940 ஜூலை 27-இல், டெக்ஸ் ஏவரி இயக்கிய குறும்படத்தில். அதற்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுகிற அந்த அலட்சியக் குரலை எடுத்துவிட்டால் முயலில் பாதி காணாமல் போகும். பிளாங்க் இறந்தது 1989-இல். 1997-இல் அவருக்கு எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. முயல் தலையில் ஏறிவிட்டது. முயலைப் பேசவைத்தவருக்கு விதி குறுக்கே நின்றது. சாகவே தெரியாத ஒரு பிராணிக்கு எந்தக் காத்திருப்பும் வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை, அந்த நாட்டுத் தபால்தலையில் மிக்கி எலி ஏறியது 2004-இல்தான். முயல் ஏழு ஆண்டு முந்திக்கொண்டது. ஐரோப்பாவில் இதெல்லாம் பழைய கதை. பெல்ஜியம் 1979-லேயே தன் காமிக்ஸ் நாயகன் டின்டினுக்குத் தலை வெளியிட்டுவிட்டது. நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் 150-ஆம் ஆண்டுக்காக 1988-இல் வந்த தலையில் ஆர்.கே. லட்சுமணின் ‘சாமானிய மனிதர்’ இருக்கிறார். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாதவர். முயலும் அவரும் ஒரே உறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஒருவர் வாயை மூடவே மாட்டார், மற்றவர் திறக்கவே மாட்டார்.

நான் சொல்லவந்த விஷயம் இனிமேல்தான். சேர்த்து வையுங்கள் என்று சொல்லி விற்ற பொருளை எல்லோரும் சேர்த்து வைத்தார்கள். அதனால் முயல் தலை இன்றும் எங்கும் கிடைக்கிறது. முப்பது ஆண்டு ஆகப்போகிற காகிதத்துக்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லை. கூட வந்த காமிக்ஸைப் பத்திரப்படுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வாசித்தார்கள், மீசை வரைந்தார்கள், பரணில் போட்டார்கள், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். அதுவும் பெரிய விலைக்குப் போகிற பொருள் அல்ல. ஆனால் இரண்டில் எது அந்த வருஷத்தை எனக்குக் காட்டுகிறது என்றால், கை சந்தேகமில்லாமல் காமிக்ஸ் பக்கம்தான் போகிறது. கசங்காத தலையில் வெளியிட்டவர்களின் கணக்கு மட்டும்தான் தெரிகிறது. புத்தகத்தில் ஒரு பிள்ளையின் மத்தியானம் இருக்கிறது.

இது எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் என்றைக்கோ புரிந்துகொண்ட சங்கதி. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். புத்தகங்களும் பத்திரிகைகளும் சேர்த்தார் என்பதோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வாசித்த கையோடு கசக்கி எறிகிறவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக அது 1994 முதல் இயங்குகிறது. இன்று தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அந்த நோட்டீஸ்களைத் தேடிப் போகிறார்கள். விலையில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அந்த ஓவியர் கண்ணுக்குத் தெரிந்து எடுத்து வைத்திருக்கிறார்.

தமிழ்க் காமிக்ஸிலும் இதே கதைதான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. ஒரு புத்தகம் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு அட்டை இல்லாமல் வீடு திரும்பும். என் தம்பி மாயாவியை வாடகைக்கே விட்டான்; ஐந்து பைசாவுக்கு ஒரு நாள். அந்தப் பழைய முதல் பதிப்புகளுக்கு இன்று சேகரிப்பவர்கள் தவம் கிடக்கிறார்கள். அன்று வாசித்தே தீர்த்ததால்தான் இன்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில் லயன், முத்து காமிக்ஸ்களின் சந்தாக் கட்டுகள் எங்கள் கவுண்டர் வழியாக வரும்போது, ஆட்டோ ஓட்டுகிறவரிலிருந்து வங்கி மேலாளர் வரை, நடுத்தர வயது ஆண்கள் கட்டு வந்துவிட்டதா என்று ஜன்னலில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஓய்வூதிய நாளில்கூட அத்தனை ஆவலை நான் பார்த்ததில்லை.

முயலுக்கு அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கத் தபால் துறையும் டிசியும் இன்னொன்று செய்தார்கள், அது இதைவிட விவகாரமானது. இருபதாம் நூற்றாண்டைக் கொண்டாட, பத்தாண்டுக்கு ஒரு ஷீட், ஷீட்டுக்குப் பதினைந்து தலை என்று 1998-லிருந்து 2000 வரை மொத்தம் 150 தலைகள் வந்தன. அவற்றை ஒட்டுவதற்கென்றே பத்துக் காமிக்ஸ்கள் வந்தன. சூப்பர் ஹீரோக்கள் நூற்றாண்டின் கதையைச் சொல்ல, நடுநடுவே தலை ஒட்டக் காலிக் கட்டங்கள். 1930-களின் ஷீட்டில் சூப்பர்மேனே ஒரு தலை. அதாவது, அவர் வருகிற காமிக்ஸிலேயே அவருடைய தபால்தலையை ஒட்ட வேண்டும்.

இங்கேதான் சண்டை. காமிக்ஸ் சேர்ப்பவருக்குப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஒரு புள்ளி பசை பட்டாலும் போயிற்று. தபால்தலைக்காரருக்குத் தலையின் பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும்; புத்தகத்தில் ஒட்டிவிட்டால் அதுவும் போயிற்று. ஆக, வெளியிட்டவர்கள் சொன்னபடி செய்தால் இரண்டு பேர் கண்ணிலும் பொருள் பாழ். செய்யாமல் விட்டாலோ அது காலிக் கட்டங்களோடு பாதியில் நிற்கிற புத்தகம். என் வாக்கு ஒட்டுவதற்குத்தான். கட்டம் போட்டுக் கொடுத்தது நிரப்பத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை கோணலாக ஒட்டி நிரப்பிய பிரதியும் கண்ணாடி உறைக்குள் மூச்சுவிடாமல் கிடக்கும் பிரதியும் ஒரே விலைக்கு வந்தால், நான் முன்னதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். ஆனால் செட்டிநாட்டு மே மாத வெயிலில் ஒட்டுத் தலைகளின் பசை என்ன ஆகும் என்பது வேறு கவலை. தகரப் பெட்டியை இரும்புப் பெட்டகத்துக்கும் சுவருக்கும் நடுவில், வெயில் படாத அறையில் வைத்திருக்கிறேன். வசம்பு இரண்டு துண்டு போட்டிருக்கிறேன்.

அந்தப் பத்தில் 1930-களின் காமிக்ஸ் எனக்கு வேண்டும். நிரப்பியது, அதுவும் சூப்பர்மேன் தலை ஒட்டியிருப்பதாக இருந்தால் நல்லது. கோணலாக ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. யாரிடமாவது இருந்தால், பணம் பேச வேண்டாம். மாற்றாக ரங்கூன் உறை ஒன்று தருகிறேன், மன்னர் தாடியில் ‘பர்மா’ தெளிவாக விழுந்தது. அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கூரியரில் அனுப்பாமல், தபாலில் அனுப்புங்கள்; நல்ல பெரிய நினைவுத் தலையாகப் பார்த்து ஒட்டுங்கள்.